தலவாக்கலை முதல் பிலிமத்தலாவை வரை

அட்டனையும் கொட்டகலையையும் கடந்து மலையேறும் புகையிரதம், கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 3,900 அடி உயரத்தில் தலவாக்கலையில் வந்து நிற்கிறது. சின்னஞ்சிறு ஊர். ஒரு கடைவீதி, ஓர் ஆறு, சுற்றிலும் கண்ணுக்கெட்டிய மட்டும் தேயிலை. ஊருக்குக் கீழே பாயும் கொத்மலை ஓயாவை மறித்து அணை கட்டி, 2012 முதல் 150 மெகாவாட் மின்சாரம் எடுக்கிறார்கள். இரைந்து கொட்டிய சென் கிளேயர் அருவி அதன் பிறகு குரல் தணிந்துவிட்டது. அணைக்காகக் கடைவீதியின் ஒரு பகுதியும் இடம் மாறிற்று. ஆனாலும் அதிகாலையில் மலைச்சரிவில் மஞ்சு இறங்குவதும், கூடை சுமந்த பெண்கள் பிரட்டுக்களத்துக்கு விரைவதும் மாறவில்லை.

இவ்வூருக்கு வெளியுலகில் ஒரு கீர்த்தி உண்டு. இங்கேயுள்ள சென் கூம்ஸ் தோட்டத்தில் தேயிலை ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. 1925-இல் தோன்றிய அந்த ஸ்தாபனத்தில், செடியின் வேர், இலை, மண், உரம், பூச்சி, பூஞ்சணம் அனைத்தையும் பற்றி அறிஞர்கள் ஆராய்ந்து வந்திருக்கிறார்கள். 1946-இல் கொழுந்திலைகளில் கொப்புள நோய் கண்டபோது, அதை அடக்கும் வழி தேடுவது அவர்களுடைய பெரும் பணியாயிற்று. நல்ல காரியமே. ஆயினும் அந்தச் சரிவுகளைப் பார்த்து நிற்கையில், செடிக்கு இத்தனை சாஸ்திரம் வளர்ந்த இம்மலையில் செடியைப் பேணிய மனிதருக்கு உயர்கல்வி எப்போது வந்தது, எந்த மொழியில் வந்தது என்ற கேள்வி எழாமற் போகாது.

கேள்வி பெரிது, அதன் ஒரு சிறு கிளையைப் பற்றிக்கொண்டே நாம் சில ஆண்டுகளுக்கு முன் ஒரு காலை வேளையில் தலவாக்கலை நிலையத்தில் பிரயாணச் சீட்டு வாங்கினோம். கண்டிக்கு மேற்கே பிலிமத்தலாவையில், தமிழிலும் சிங்களத்திலும் சமய சாஸ்திரம் கற்பிக்கும் கல்லூரி ஒன்று இருப்பதாகக் கேள்விப்பட்டிருந்தோம். அதைக் காண்பதே நோக்கம்.

மேடையில் வெள்ளை வேட்டியும் கம்பளிச் சட்டையுமாக ஒரு முதியவர் அமர்ந்திருந்தார். தோட்டத்துச் சபைகளில் நாற்பது ஆண்டுகள் உபதேசியாராக இருந்து ஓய்வு பெற்றவர். அவருடைய பேரன் அதே கல்லூரியில் படிக்கிறான் என்று அறிந்ததும் பிரயாணத்துக்கு ஒரு துணை கிடைத்த மகிழ்ச்சி நமக்கு.

“எங்க அப்பாவும் உபதேசியார்தான், தம்பி. ஆறு தோட்டத்துக்கு அவரு ஒரே ஆளு. படிப்புன்னு பார்த்தா அஞ்சாம் வகுப்பு. கையில ஒரு வேதாகமம், ஒரு பாட்டுப் புத்தகம், ஒரு மோட்சப் பிரயாணம். அவ்வளவுதான் அவரோட காலேஜ்” என்றார்.

வண்டி அசைந்தது. சென் கிளேயரும் டெவோனும் மரங்களிடையே தோன்றி மறைந்தன. கொட்டகலையைத் தாண்டியதும் சிங்கமலைச் சுரங்கத்தின் இருளுக்குள் புகுந்தோம். குழந்தைகள் வழக்கம்போல் கூவினார்கள். இருள் நீங்கி அட்டன் வரும் வரையில் பெரியவர் பேசவில்லை. நாம் அவருடைய தந்தையாரின் மூன்று புத்தகங்களைப் பற்றியே எண்ணிக்கொண்டிருந்தோம்.

மலைநாட்டில் கிறிஸ்தவ ஊழியத்தின் சரித்திரம் கோப்பிக் காலத்தில் ஆரம்பிக்கிறது. இருப்புப்பாதை நாவலப்பிட்டிக்கு வந்தது 1874-இல்; அட்டனை எட்டியது 1884-இல். அதற்கெல்லாம் முன்னரே, 1854-இல், ஆங்கிலிக்க மிஷனரிமார் தோட்டத் தமிழருக்கென ஓர் அமைப்பைத் தொடங்கினர். திருநெல்வேலிச் சீமையிலிருந்து உபதேசியார்கள் வரவழைக்கப்பட்டனர். அவர்கள் கால்நடையாகத் தோட்டந்தோட்டமாகச் சென்றனர். லயத்து வாசலில் அமர்ந்து எழுத்தும் சொல்லித் தந்தனர். இத்தனை நல்ல பணிக்கு அன்று இடப்பட்ட பெயர் ‘தமிழ்க் கூலி மிஷன்’. பின்னாளில் ‘கூலி’ என்ற சொல் நீக்கப்பட்டது. ஆனால் அந்தச் சொல்லுக்குள் ஓர் எண்ணம் ஒளிந்திருந்தது: கூலிக்காரனுக்கு உபதேசியார் போதும், அவனுக்கு ஏன் சாஸ்திரி?

கடலோரத் தமிழருக்கு அப்படி அன்று. ஒல்லாந்தர் ஆட்சியிலேயே, 1690-இல், யாழ்ப்பாணத்து நல்லூரில் ஒரு குருமடம் ஏற்பட்டது. அதற்குப் பிறகு அமெரிக்க மிஷனரிமார் 1823-இல் வட்டுக்கோட்டையில் நிறுவிய செமினரி, கீழைத்தேசத்தில் அக்காலத்தில் தலைசிறந்த கல்விச் சாலைகளில் ஒன்று. டானியல் பூவர் என்பவர் அதன் முதல் அதிபர். வேத சாஸ்திரத்தோடு கணிதம், வானசாஸ்திரம், தமிழிலக்கியம், சமஸ்கிருதம் எல்லாம் அங்கே கற்பிக்கப்பட்டன. குருமாரை உருவாக்கவென்று திறந்த பள்ளியிலிருந்து பழந்தமிழ் நூல்களை ஏட்டிலிருந்து மீட்ட சி. வை. தாமோதரம்பிள்ளை வந்தார். 1857-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகளாகத் தேறிய இருவரும், அவரும் கறல் விசுவநாதபிள்ளையும், அங்கே கற்றவர்களே. இருவரும் சைவப் பற்றில் குறைந்தவர்களல்லர் என்பது ஒரு வேடிக்கை.

ஆனால் அந்தச் செமினரி அவர்கள் பட்டம் பெறுமுன்பே, 1855-இல், மூடப்பட்டுவிட்டது. அமெரிக்காவிலிருந்து ரூபஸ் ஆண்டர்சன் தலைமையில் வந்த தூதுக் குழுவினர் கணக்குப் பார்த்தார்கள். ஆங்கிலத்தில் உயர்கல்வி பெற்ற வாலிபர்கள் கிராமத்துச் சபைக்குத் திரும்பாமல் கச்சேரி உத்தியோகத்துக்குப் போகிறார்கள்; ஊழியத்துக்கு ஆள் வேண்டுமானால் தாய்மொழியிற் கற்பிக்க வேண்டும் என்பது அவர்கள் முடிவு. முடிவின் முற்பாதியை நாம் குறை கூறமாட்டோம். பிற்பாதியைச் செயற்படுத்திய விதந்தான் வருத்தந் தருகிறது. தாய்மொழி என்றவுடன் படிப்பின் தரத்தையும் குறைத்துக்கொண்டார்கள். உயர்கல்வி என்றால் ஆங்கிலம், தமிழ் என்றால் ஆரம்பக் கல்வி என்ற பிரிவினை அன்று பலப்பட்டது. இன்னும் நம்மை முற்றாக விட்டுப் போகவில்லை.

வட்டவளையில் மழை பிடித்துக்கொண்டது. அங்கே மழை பெய்யாத நாளைக் கண்டவர் அரியர். யன்னல்களை இறக்கிவிட்டுப் பெரியவர் பொட்டலத்தைப் பிரித்தார். ரொட்டியும் கட்டைச் சம்பலும். நமக்கும் பங்கு வந்தது.

“அந்தக் காலத்துல மேல படிக்கணும்னா எங்க போவாங்க, பெரியவரே?” என்று கேட்டோம்.

“பெங்களூருக்குப் போவாங்க. இங்கிலீசு தெரிஞ்சவங்க போவாங்க. எங்க தோட்டத்துல யாருக்கு இங்கிலீசு? கணக்கப்பிள்ளை மகனுக்குத் தெரியும். அவனும் கணக்கப்பிள்ளையாத்தான் போனான்.”

பெங்களூரில் 1910-இல் தொடங்கிய ஐக்கிய இறையியற் கல்லூரி தமிழரிடையே மாபெரும் அறிஞர்களை உருவாக்கிற்று என்பதை மறுப்பதற்கில்லை. தெல்லிப்பழையில் 1908-இல் பிறந்த டி. டி. நைல்ஸ் அங்கே பயின்றவர்தாம். 1948-இல் ஆம்ஸ்டர்டாம் நகரில் உலகத் திருச்சபைகளின் மன்றம் முதன்முதலாகக் கூடியபோது, தொடக்க ஆராதனையில் பிரசங்கித்தவர்களுள் இந்த யாழ்ப்பாணத் தமிழர் ஒருவர். அதே 1948-ஆம் ஆண்டில், இலங்கைப் பாராளுமன்றம் நிறைவேற்றிய 18-ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டத்தால் மலைநாட்டுத் தமிழர் பல லட்சம் பேர் நாடற்றவராயினர். முந்திய ஆண்டுத் தேர்தலில் தலவாக்கலைத் தொகுதி பாராளுமன்றத்துக்கு அனுப்பியவர் கவிஞர் சி. வி. வேலுப்பிள்ளை. அவரோடு இலங்கை இந்தியன் காங்கிரஸைச் சேர்ந்த எழுவர் அன்று சபையில் இருந்தனர். 1952-இல் ஒருவரும் இல்லை. வாக்காளரையே பட்டியலிலிருந்து எடுத்துவிட்டார்கள்.

இங்கேதான் மொழியின் சங்கதி வருகிறது. தமிழ் வேதாகமத்தில் ‘பரதேசி’ என்றொரு சொல் பலவிடங்களில் வருகிறது. அந்நிய நாட்டில் தங்கி வாழ்பவன் என்பது அங்கே பொருள். அவனை ஒடுக்கலாகாது என்பது மோசேயின் சட்டம். நாட்டுப்புற வழக்கிலோ பரதேசி என்றால் திக்கற்று அலைபவன், ஏசுவதற்கும் பயன்படும் சொல். இலங்கையிற் பிறந்து இலங்கையிலேயே உழைத்தும் எந்த நாட்டுக்கும் உரியவனல்லன் என்று 1948-இல் சட்டம் சொன்ன மனிதனுக்கு, ஞாயிறு காலையில் அந்தச் சொல்லை வாசிக்கக் கேட்டபோது என்ன தோன்றியிருக்கும்? இதை ஆராய்வதற்கு ஆங்கிலத்தில் எழுதப்பட்ட எந்த வியாக்கியானமும் உதவாது. அந்தச் சொல்லின் மூன்று பொருளும் ஒரே மூச்சில் காதில் விழுகிறவன்தான் ஆராய வேண்டும். அவனுக்கு எபிரேயமும் கிரேக்கமும் தெரிந்திருக்கவும் வேண்டும். உபதேசியார் போதும் என்ற பழைய எண்ணத்துக்கு இதைவிட நேரான மறுமொழி நமக்குத் தோன்றவில்லை.

படிப்பே வேண்டாம் என்றிருந்து பின் மனம் மாறிய ஒரு கூட்டத்தாரின் கதையையும் இவ்விடத்திற் சொல்லலாம். பதினாறாம் நூற்றாண்டில் ஒல்லாந்து தேசத்தில் மெனோ சைமன்ஸ் என்ற குருவானவர், 1536-இல் தம் பழைய சபையை விட்டு விலகி, ஆயுதம் எடுப்பதில்லை என்ற விரதம் பூண்ட ஒரு சிறு கூட்டத்துக்கு வழிகாட்டியானார். அவர் பெயரால் மெனோனைட்டுகள் என்றழைக்கப்படும் அவர்கள் துன்புறுத்தப்பட்டுத் தேசந்தேசமாக அலைந்தவர்கள். ருஷ்யாவிலிருந்து 1874 முதல் கனடாவின் மனிடோபாவுக்குக் குடியேறியவர்களும் உண்டு. உழவரான இவர்கள் கற்ற குருமாரை நெடுங்காலம் நம்பியதில்லை. அவர்களுள் பல சபைகளில் போதகரைத் தெரிவு செய்யும் முறை விசித்திரமானது: தகுதியுடையோர் எத்தனை பேரோ அத்தனை புத்தகங்களை மேசைமேல் வைப்பார்கள், ஒன்றினுள் மட்டும் ஒரு சீட்டு இருக்கும், அதை எடுத்தவர் போதகர். உத்திரமேரூர்க் கல்வெட்டில் குடவோலை படித்த தமிழ் மாணவர்க்கு இது புதிதன்று. ஆனால் உத்திரமேரூரில் ஓலையில் பெயரெழுதுமுன் கல்வித் தகுதியும் பார்த்தார்கள்!

அந்த மெனோனைட்டுகளே காலப்போக்கில் உயர்கல்வியின் அவசியத்தை உணர்ந்தனர். அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்து எல்கார்ட்டில் 1958 முதல் அவர்களுடைய இரு செமினரிகள் இணைந்து இயங்கின. நம்மவர் பெருந்தொகையாக வாழும் ரொறன்ரோ நகரில் 1990-இல் பட்டமேற்படிப்புக்கென ஓர் இறையியல் மையத்தை நிறுவினர். அது தனிப் பல்கலைக்கழகமன்று. பல சபைகளின் கல்லூரிகள் ஒன்றுகூடிய பெரிய இறையியற் பள்ளியின் உள்ளே, தம் மரபை ஆராய்வோர் கூடுவதற்கு ஒரு சிறு இடம். எண்ணிக்கையிற் சிறிய சமூகம், பெரிய வீட்டில் ஓர் அறை எடுத்துக்கொண்டு தன் கேள்விகளைத் தானே ஆராய்கிறது. நமக்கு அந்த ஏற்பாடு மிகவும் பிடித்தது. பிலிமத்தலாவைக்குப் போகும் வழியில் அது நினைவுக்கு வந்ததற்கும் காரணம் அதுவே.

பேராதனைச் சந்தியில் இறங்கி, கொழும்பு வீதியில் பஸ் ஏறினோம். வீதியோரக் கடைகளில் பித்தளைக் குத்துவிளக்குகள் வெயிலில் மின்னின. கம்பளை வரையில் மழையில் நனைந்த நமக்கு அந்த வெயில் இதமாக இருந்தது.

இலங்கை இறையியற் கல்லூரி இங்கே 1963-இல் ஆரம்பிக்கப்பட்டது. ஆங்கிலிக்கரும் மெதடிஸ்தரும் பப்திஸ்தரும் சேர்ந்து தொடங்கினர். பிரஸ்பிட்டேரியரும் பின்னர்ச் சேர்ந்தனர். மூன்று சபைகள் தத்தம் குருமாரை ஒரே வகுப்பில் இருத்திப் படிப்பிக்க இசைந்தது ஒரு புதுமை. வங்காளத்தில் கேரி முதலானோர் 1818-இல் நிறுவிய செராம்பூர்க் கல்லூரியின் பட்டங்களோடு இக்கல்லூரிக்கு இணைப்பு உண்டு. ஆனால் உண்மையான துணிவு மொழி விஷயத்திலேதான். கண்டிக்கு மறுபுறம் அம்பிட்டியாவில், பதின்மூன்றாம் லியோ பாப்பரசர் 1893-இல் நிறுவிய கத்தோலிக்கக் குருமடத்துக்கு இந்தியாவிலிருந்தும் பர்மாவிலிருந்தும் மாணவர் வந்து லத்தீன் மொழியிற் பயின்றார்கள். பிற்காலத்தில் இந்தியாவின் முதற் கர்தினாலான வலேரியன் கிராசியாஸ் அவர்களுள் ஒருவர். 1955-இல் அது பூனாவுக்கு மாறிற்று. லத்தீனுக்கும் ஆங்கிலத்துக்கும் பழகிய கண்டி மலைகளில், சிங்களமும் தமிழும் இறையியலின் மொழிகளென்று 1963-இல் சொன்னார்கள்.

அந்த ஆண்டை எண்ணிப் பாருங்கள். தனிச்சிங்களச் சட்டம் வந்து ஏழு ஆண்டு. 1958 கலவரத்தின் வடு ஆறவில்லை. நாட்டில் பாடசாலைகள் மொழிவாரியாகப் பிரிந்து, சிங்களப் பிள்ளையும் தமிழ்ப் பிள்ளையும் ஒருவர் பேசுவதை மற்றவர் விளங்காமலே வளர்ந்த காலம். அப்போது இரு மொழி மாணவரையும் ஒரே வளவில் குடியிருக்கச் செய்வது சுலபமான காரியமன்று. பின்னர் 1983 ஜூலை வந்தது. நீண்ட யுத்தம் வந்தது. கல்லூரி இருமொழிக் கல்லூரியாகவே நிலைத்தது.

மற்றோர் இடி மலைநாட்டுக்கென்றே தனியாக விழுந்தது. கல்லூரி திறந்த மறுவருடம், 1964 ஒக்டோபரில், சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் ஏற்பட்டது. நாடற்றிருந்த 9,75,000 பேரில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு. மிகுதி 1,50,000 பேரை 1974-இல் பாதி பாதியாகப் பகிர்ந்துகொண்டனர். பெரியவர் சொன்னது: “நான் ஞானஸ்நானப் பதிவேட்டுல பேரு எழுதினதைவிட, ராமேஸ்வரம் போறவங்களுக்குச் சபைக் கடிதம் எழுதிக் கொடுத்ததுதான் ஜாஸ்தி.” மலைநாட்டுத் தமிழில் சாஸ்திரம் பேசக் கற்றவர்கள் திரும்பி வரும்போது, கேட்பதற்கிருந்த சபையிற் பாதி நீலகிரிக்குப் போயிருந்தது. எஞ்சியோருக்குப் பிரஜாவுரிமைச் சிக்கலை முடித்து வைத்த சட்டம் 2003-இலேதான் நிறைவேறிற்று.

தமிழகத்திலும் 1969-இல் மதுரை அரசரடியில் தமிழ்நாடு இறையியற் கல்லூரி உருவாகித் தமிழில் உயர் இறையியலுக்குப் பெரும் பணி செய்தது. எனினும் குறையைச் சொல்லாமல் விடுவதற்கில்லை. மேற்பட்டம் என்று புறப்படும் மாணவனுக்கு ஆங்கிலம் இன்னும் கட்டாயத் துணையாகவே இருக்கிறது. தமிழில் மூலநூல்கள் வேண்டிய அளவு இல்லை. வட்டுக்கோட்டைப் பிரிவினை மெலிந்திருக்கிறது, மறையவில்லை.

பெரியவரின் பேரன் இருபத்து மூன்று வயதிருக்கும். அவனோடு அறை நண்பனான சிங்கள மாணவனும் வந்தான். தாத்தாவுக்குச் சிங்களம் கொஞ்சம் வரும். அந்தப் பையனுக்குத் தமிழ் கொஞ்சம் வரும். இருவரும் நடுவழியிற் சந்தித்துக்கொண்டார்கள். “கிரேக்கம் கஷ்டமா?” என்று நாம் கேட்டதற்கு, “கிரேக்கம் பரவாயில்லை, இவன் தமிழ்தான் கஷ்டம்” என்றான் சிங்களப் பையன்.

பிற்பகலில் அவர்களே நம்மை அயலிலுள்ள பழைய விகாரைகளுக்கு அழைத்துச் சென்றனர். கடலாதெனியா விகாரை 1344-இல் எழுந்தது. தென்னாட்டிலிருந்து வந்த கணேசுவர ஆச்சாரி என்ற சிற்பி கட்டியது. கற்றூண்களையும் சிகரத்தையும் பார்த்தால் யாரும் சொல்லாமலே விளங்கும். அங்கிருந்து இலங்காதிலக விகாரைக்குப் போனோம். அதே காலத்தில் சேனாலங்காதிகார என்ற மந்திரி எடுப்பித்தது. உயர்ந்த பாறையின்மேல் நிற்கும் அந்தக் கோயிலின் அருகே, பாறையிலேயே சாசனம் வெட்டியிருக்கிறார்கள். சிங்களத்தில் ஒன்று, தமிழில் ஒன்று. கொடுத்த நிலமும் செய்த ஏற்பாடும் இரு மொழியாருக்கும் தெரியவேண்டுமென்று கருதியிருக்கிறார்கள்.

பேரனும் நண்பனும் பாறையின்மேல் குனிந்தார்கள். எழுத்து பழையது; மழையும் வெயிலும் அரித்தது. இவன் தன் மொழியில் நாலெழுத்தைக் கண்டுபிடித்தான்; அவன் தன் மொழியில் ஐந்தெழுத்தைக் கண்டுபிடித்து வெற்றி கொண்டாடினான். நமக்கு இரண்டோர் எழுத்தே பிடிபட்டது.

பெரியவர் செருப்பைக் கழற்றிவிட்டு வந்து, தமிழ் வரியின்மேல் கையை வைத்துப் பார்த்தார்.

“இதை வெட்டினவன் யாரு, தம்பி? நம்ம ஆளா?”

“பெயர் தெரியவில்லை, பெரியவரே.”

“போகட்டும், எழுத்துத் தெரிஞ்ச ஆளு” என்றார் அவர். பிறகு பேரனைப் பார்த்து, கடைசிப் புகையிரதம் எத்தனை மணிக்கென்று விசாரிக்கச் சொன்னார்.